ஸ்காட்லாந்தில் பூக்கும் ஷிருயி லில்லி, சொந்த மலையில் ஏன் தடுமாறுகிறது?

மே மாதம் மணிப்பூர் பக்கம் போய் வந்த நண்பர் யாராவது இருந்தால், இந்தப் பூவின் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். புல் மூடிய மலைச்சரிவு, முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி, அதன் உச்சியில் தலை குனிந்த மணி போல ஒரு பூ. வெளியே வெளிர் ரோஸ் நிறம், அதில் லேசாக நீலம் ஓடும். உள்ளே கிட்டத்தட்ட வெள்ளை. இதுதான் ஷிருயி லில்லி. 1989 முதல் மணிப்பூரின் மாநில மலர்.

படத்தோடு ஒரு வரியும் சேர்ந்தே வரும்: "உலகத்திலேயே இந்த ஒரு மலையில்தான் பூக்கும், வேறு எங்கே கொண்டுபோய் நட்டாலும் வளராது." கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை வேறு. நாகாலாந்து மலைகளிலும் இந்த லில்லி பதிவாகியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, பிரிட்டனில், குறிப்பாகக் குளிரும் ஈரமும் நிறைந்த ஸ்காட்லாந்தில், பல பத்தாண்டுகளாகத் தோட்டக்காரர்கள் இதை விதையிலிருந்தே வளர்த்து வருகிறார்கள்.

ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டுத் தோட்டத்தில் நன்றாகப் பூக்கிற செடியை, அதன் சொந்த மலையில் "அழிவின் விளிம்பில்" என்று சொல்கிறோம். வளர்க்கத் தெரிந்துவிட்டால் காப்பாற்றிவிட்டதாக ஆகாதா? இல்லை. ஏன் என்று புரிய, அந்தச் செடி மண்ணுக்கு அடியில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

மேக்லின் யார்?

ஷிருயி மலை மணிப்பூரின் உக்ருல் மாவட்டத்தில், மியான்மர் எல்லைக்கு அருகில் இருக்கிறது. உயரம் சுமார் 2,835 மீட்டர். நம் ஊர் தொட்டபெட்டாவைவிட இருநூறு மீட்டர்தான் அதிகம். அங்கே வாழ்பவர்கள் தாங்குல் நாகா மக்கள். அவர்கள் மொழியில் இந்தப் பூ காஷோங் திம்ராவொன். மலையைக் காக்கும் தெய்வமான ஃபிலாவாவின் மகள் பெயர் திம்ராவொன்.

1946இல் ஃபிராங்க் கிங்டன்-வார்டு என்ற பிரிட்டிஷ் தாவர வேட்டைக்காரர் இங்கே வந்தார். இரண்டாம் உலகப் போரில் இந்த மலைகளில் விழுந்து நொறுங்கிய விமானங்களைத் தேடும் வேலையை அமெரிக்கர்கள் அவரிடம் கொடுத்திருந்தார்கள். விமானம் தேட வந்தவர் வழக்கம்போலச் செடிகளையும் பார்த்துக்கொண்டு போனார். அப்போது பூக்காலம் முடிந்திருந்தது. காய்ந்த விதைக்காய்களைத்தான் பார்த்தார். விதையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1948இல் அது அங்கே பூத்து, லண்டன் மலர்க் காட்சியில் பரிசும் வாங்கியது. அதே ஆண்டு தன் மனைவி ஜீன் மேக்லினோடு அவர் மறுபடி மணிப்பூர் வந்தார். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மகள் ஜீன். பூவின் அறிவியல் பெயர் 'லிலியம் மேக்லினியே' என்று ஆனது அவரால்தான்.

எல்லாக் கட்டுரைகளும் இதைக் "கண்டுபிடிப்பு" என்றே எழுதுகின்றன. தெய்வத்தின் மகள் பெயரை வைத்து ஒரு ஊரே கூப்பிட்டுக்கொண்டிருந்த பூவை இன்னொருவர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அறிவியல் ஏட்டில் ஏற்றினார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. 1946இல் கிளம்பிய விதை 1948இல் பூத்துவிட்டது. சரியான குளிர், ஈரம், வெளிச்சம் கிடைத்தால் இது அவ்வளவு அடம்பிடிக்கிற செடி இல்லை. "வேறு எங்கும் வளராது" என்ற நம்பிக்கைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இம்பால் சமவெளி 800 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. மலையிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் அந்தச் சூட்டில் நட்டவர்களுக்குச் செடி செத்துத்தான் போயிருக்கும்.

மண்ணுக்கு அடியில்

லில்லிக்குக் கீழே இருப்பதைப் பள்ளிப் புத்தகத்தில் குமிழம் என்று படித்திருப்பீர்கள். வெங்காயமும் ஒரு குமிழம்தான். ஆனால் வெங்காயத்துக்கு மேல் காய்ந்த தோல் இருக்கும், உள்ளே அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும். லில்லிக் குமிழத்துக்குத் தோல் கிடையாது. பூண்டுப் பல் மாதிரித் தனித்தனியாகப் பிரிகிற சதைப்பற்றுள்ள செதில்கள்தான் இருக்கும். ஒவ்வொரு செதிலும் உணவைச் சேமிக்கிற ஓர் இலை.

இதை ஒரு சேமிப்புக் கணக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுக்கச் செடி வெளியே தெரியாது. கோடை மழை தொடங்கும்போது சேமிப்பை எடுத்துத் தண்டு விடுகிறது, மே, ஜூனில் பூக்கிறது. பூ முடிந்த பிறகும் இலைகள் பச்சையாக நின்று மழைக்காலம் முழுவதும் வேலை பார்க்கின்றன. அடுத்த ஆண்டுக்கான பணம் அப்போதுதான் வங்கியில் ஏறுகிறது. மழை ஓய்ந்தபின் காய் வெடித்து, காகிதத் துண்டு போன்ற லேசான விதைகள் காற்றில் சிதறும்.

இப்போது ஒருவர் வந்து பூவைத் தண்டோடு ஒடிக்கிறார் என்று வையுங்கள். இரண்டு நஷ்டம். அந்த ஆண்டு விதை இல்லை. தண்டோடு இலைகளும் போய்விட்டதால் குமிழத்துக்குச் சேமிப்பும் இல்லை, அடுத்த ஆண்டு பூப்பதே சந்தேகம். செடியைப் பிடுங்காமல் "ஒரு பூ தானே" என்று எடுத்தாலும் கணக்கு இப்படித்தான் போகிறது. குமிழத்தையே தோண்டினால் கணக்கே முடிந்தது.

ஆய்வகம் என்ன செய்தது?

இம்பாலில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் ஒரு நிறுவனம் இயங்குகிறது. பெயர் உயிர்வளங்கள் மற்றும் நிலைத்த மேம்பாட்டு நிறுவனம். ஷிருயி லில்லியைத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கும் வேலையை அவர்கள் எடுத்துச் செய்தார்கள்.

முறை கேட்க எளிமையாக இருக்கும். குமிழத்தின் ஒரு செதிலை எடுத்து, கிருமி நீக்கி, சின்னத் துண்டுகளாக வெட்டி, சர்க்கரையும் உப்புச்சத்துகளும் வளர்ச்சி ஹார்மோன்களும் கலந்த ஜெல்லி மேல் கண்ணாடிக் குப்பியில் வைக்க வேண்டும். சில வாரங்களில் துண்டின் அடிப்பகுதியில் மணி மணியாகக் குட்டிக் குமிழங்கள் வரும். அவற்றைப் பிரித்து மறுபடி புது ஜெல்லியில் வைத்தால் இன்னும் பெருகும். லில்லிச் செதிலின் இயல்பே அது, காயம் பட்ட இடத்தில் புதுக் குமிழம் விடும். வீட்டில் தோட்ட லில்லி வளர்க்கிறவர்கள் செதிலைப் பிய்த்து ஈரமான தேங்காய் நார்த்தூளில் போட்டு இதையே செய்கிறார்கள், ஆய்வகம் இல்லாமலே.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். குப்பிக்குள் ஈரம் அதிகம், கிருமி இல்லை, சாப்பாடு தயார். அங்கே வளர்ந்த கன்று நேராக மலைக்காற்றைப் பார்த்தால் ஒரே நாளில் வாடிவிடும். முதலில் நிழல்கூடாரம், பிறகு திறந்தவெளி என்று படிப்படியாகப் பழக்க வேண்டும்.

அடுத்தது வைரஸ். லில்லி வகைகளுக்கு வைரஸ் நோய் சீக்கிரம் தொற்றும். அதில் ஒன்றுக்குப் பெயரே 'லில்லி அறிகுறியற்ற வைரஸ்'. செடி பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு நோயுள்ள குமிழத்திலிருந்து ஆயிரம் கன்று எடுத்தால் ஆயிரத்திலும் அது இருக்கும். அவற்றை மலையில் நட்டால், காப்பாற்றப் போன நாமே காட்டுச் செடிகளுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஆவோம். அதனால்தான் வைரஸ் சோதனை முடித்து, சான்று பெற்ற பிறகே சில நூறு கன்றுகளை ஷிருயி கிராமத்திலும் மலையிலும் நட்டார்கள். எண்ணிக்கை சின்னதாகத் தோன்றலாம். என்னைக் கேட்டால், அவசரப்பட்டுப் பத்தாயிரம் நடாமல் விட்டதுதான் இதில் உருப்படியான விஷயம்.

திசு வளர்ப்புக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. ஒரு குமிழத்திலிருந்து வரும் கன்றுகள் எல்லாம் ஒரே செடியின் நகல்கள். நோயோ வறட்சியோ வந்தால் எல்லாம் ஒரே மாதிரி விழும். விதையிலிருந்து வரும் செடிகள் அப்படி இல்லை, ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு. விதை மூலம் வைரஸ் கடத்தப்படுவதும் லில்லிகளில் குறைவு. ஆகவே குப்பியில் பெருக்குவதோடு, மலையின் வெவ்வேறு சரிவுகளில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக விதை எடுத்து வளர்ப்பதும் அவசியம்.

"அப்போ ஸ்காட்லாந்தில் இருக்கிறதை எடுத்து வந்து நட்டுவிடலாமே?" என்று தோன்றும். அங்கே இருப்பவை எப்போதோ போன சில விதைத் தொகுதிகளின் வாரிசுகள். தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாகத் தனக்குப் பிடித்த நிறமும் உயரமும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. வேறு நாட்டு நோய்கள் கூடவே வரவும் வாய்ப்பு உண்டு. தோட்டத்துக்கு அருமையான செடி. மலையில் நட ஏற்றதில்லை.

மலையில் என்ன பிரச்னை?

ஷிருயியில் லில்லிக்கு இப்போது பெரிய போட்டியாளர் ஒரு குட்டை மூங்கில். மண்ணுக்கு அடியில் வேர்த்தண்டு ஓட்டிப் பரவி, புல்வெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது. லில்லிக்குத் திறந்த சரிவும் வெளிச்சமும் வேண்டும். மூங்கில் அடர்ந்த இடத்தில் விதை விழுந்தாலும் முளைத்து எழ வழியில்லை. ஏற்கெனவே இருக்கிற குமிழத்துக்கும் வெயில் கிடைக்காமல் சேமிப்பு ஏறாது. சில ஆண்டுகள் இலை மட்டும் விட்டுப் பார்க்கும், பிறகு அதுவும் நிற்கும். நீலகிரியின் புல்வெளிகளை சீகை மரங்கள் விழுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வெட்டினால் போகுமா? மேலே வெட்டினால் கீழேயிருந்து மறுபடி வரும். வேரோடு தோண்டலாம் என்றால் அதே மண்ணில் லில்லிக் குமிழமும் இருக்கிறது. கையால், இடம் பார்த்து, ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய வேலை இது. எந்த ஆய்வகத்தாலும் செய்ய முடியாது. மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களால்தான் முடியும்.

இங்கேதான் நிலம் யாருடையது என்ற கேள்வி வருகிறது. ஷிருயி 1982இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மணிப்பூர் மலைப்பகுதிகளில் நிலம் பெரும்பாலும் கிராமத்துக்கும் குலங்களுக்கும் உரியது. சுற்றிலும் வேலி போட்டு ஊர்க்காரர்களை வெளியே நிறுத்துகிற பாதுகாப்பு அங்கே செல்லாது. அப்படியே செய்தாலும் மூங்கிலை எடுக்க யார் வருவார்கள்?

2017 முதல் மாநில அரசு ஷிருயி லில்லி திருவிழா நடத்துகிறது. ஊருக்கு வருமானம் வந்தது, கூட்டமும் வந்தது. மலைப்பாதையில் ஆயிரக்கணக்கான கால்கள், பிளாஸ்டிக், செல்ஃபிக்காகப் பாதையை விட்டு இறங்குகிறவர்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த இன மோதலால் இரண்டு ஆண்டுகள் விழா நடக்கவில்லை, 2025 மே மாதம்தான் திரும்பியது. அந்த மோதலில் உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் இருக்கும்போது ஒரு பூவைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு உறுத்தலாம், நியாயம்தான். ஆனால் ஆய்வாளர் இம்பாலிலிருந்து மலைக்குப் போய்வர முடிகிறதா, நட்ட கன்றை அடுத்த ஆண்டு எண்ண முடிகிறதா என்பதெல்லாம் அந்தச் சாலை திறந்திருப்பதைப் பொறுத்ததுதான்.

நம் மாநில மலரின் கணக்கு

வளர்ப்பதும் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. செங்காந்தளைத் தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். அதன் விதையில் உள்ள கோல்சிசின் மருந்துக்குப் போகிறது, நல்ல விலை. அந்த வயல்களுக்கு நடவுக் கிழங்கு எங்கிருந்து வந்தது? பெருமளவு காடுகளிலும் வேலியோரங்களிலும் தோண்டி எடுத்ததுதான். பயிர் பெருகப் பெருகக் காட்டுச் செடிக்கு அழுத்தம் கூடியது. ஷிருயி லில்லியின் பெருக்கத் திட்டத்தில் ஆரம்பக் குமிழம் எத்தனை, எங்கே எடுத்தது என்று கேட்க வேண்டியிருப்பதும் இதனால்தான். திசு வளர்ப்பின் உண்மையான லாபம், ஒன்றிரண்டு செதிலோடு வேலை முடிந்துவிடுவது.

நீங்கள் போவதாக இருந்தால்

மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பூக்காலம். மணிப்பூருக்கு இப்போது உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும், விமான நிலையத்திலேயே வாங்கலாம். இம்பாலிலிருந்து உக்ருல் சுமார் 80 கிலோமீட்டர். கிளம்பும் முன் அன்றைய சாலை நிலவரத்தைக் கட்டாயம் விசாரியுங்கள். மலையில் உள்ளூர் வழிகாட்டியோடு ஏறுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். பூ இல்லாமல் நாலைந்து இலையோடு புல்லுக்குள் நிற்கிற இளம் செடிகள்தான் மிதிபடுவதில் முதல் பலி. ஆன்லைனில் 'அசல் ஷிருயி லில்லி கிழங்கு' என்று யாராவது விற்றால், எந்த நர்சரியில் பெருக்கியது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் மலையில் தோண்டியதாக இருக்கலாம், வாங்காதீர்கள். எப்படியும் சென்னை மாடியில் அது ஒரு ஏப்ரலைத் தாண்டாது.

நட்ட கன்றுகள் பிழைத்தனவா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் சிலர் கேட்பார்கள். பூவை எண்ணினால் போதாது, ஆய்வகத்திலிருந்து வந்த குமிழம் தன் பழைய சேமிப்பை வைத்தே ஒருமுறை பூத்துவிடலாம். அந்தச் செடி காய்த்து, விதை உதிர்ந்து, பக்கத்தில் யாரும் நடாத ஒரு நாற்று தானாக முளைத்திருக்கிறதா என்று புல்லை விலக்கிப் பார்க்க வேண்டும்.