கேட்டவருக்குக் கரத்தல்: பணியிடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அறிவு மறைப்பு

முன்னுரை

இல்லாததைத் தர இயலாமை வேறு; இருப்பதைக் கேட்டவருக்கு ஒளித்தல் வேறு. பின்னதைத் தமிழ் ‘கரத்தல்’ என்னும் சொல்லால் குறிக்கும். பொருளைக் கரத்தல் பற்றி அறநூல்கள் பேசியுள்ளன. உடன் பணிபுரிவோரிடமிருந்து அறிவைக் கரத்தலோ அண்மைக்கால நிறுவன ஆய்வுகளில் தனிப்பொருளாக வளர்ந்துள்ளது. இது தனிமனிதக் குணக்கேடு மட்டுமா, உழைப்பையும் பெயரையும் கணக்கிடும் முறையிலும் இதற்கு வேர் உண்டா என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மறைப்பின் வகைகள்

கேத்தரின் கானலி உள்ளிட்ட கனடிய ஆய்வாளர் நால்வர் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் கேட்ட அறிவை மற்றவர் வேண்டுமென்றே தராதிருக்க முயல்வதே அறிவு மறைப்பு என வரையறுத்தனர். கேட்கப்படாததைச் சொல்லாதிருத்தல் இதனுள் அடங்காது. மறைப்பை அவர்கள் மூவகைப்படுத்தினர். அரைகுறையான விடையைத் தருவதும், பிறகு தருவதாகக் கூறிக் காலம் கடத்துவதும் தட்டிக்கழித்தலாகும். அறிந்ததை அறியாதவர்போல் நடித்தல் இரண்டாவது வகை. மேலதிகாரியின் தடை போன்ற காரணத்தைக் கூறி மறுத்தல் மூன்றாவது; இதில் வஞ்சனை இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. கேட்பவர்மீது நம்பிக்கையின்மை மிகும்போது மறைப்பும் மிகுவதை அவ்வாய்வு காட்டியது.

மரபணுவியல் துறை தரும் சான்று

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மரபணுவியலாளர்களிடம் எரிக் கேம்பெல் குழுவினர் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஏற்கெனவே வெளியான ஆய்வுகள் தொடர்பான தரவுகளையோ ஆய்வுப்பொருள்களையோ பிறரிடம் கேட்டவர்களுள் 47 விழுக்காட்டினர், முந்தைய மூன்றாண்டுகளில் ஒருமுறையேனும் தமக்கு மறுக்கப்பட்டதாகத் தெரிவித்தனர். தாம் பிறருக்கு மறுத்ததாகக் கூறியோர் 12 விழுக்காட்டினரே. ஒருவரே பலருக்கு மறுத்திருக்கலாம். மறுப்பவர் தம் செயலை மறுப்பாக உணராமையும் இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாம். விடையளிக்கப்படாத கடிதம், எழுதியவருக்கு மறுப்பு, பெற்றவருக்கோ நேரமின்மை.

வேண்டுமென்றே மறுத்தவர்கள் கூறிய காரணங்கள் கருதத்தக்கவை. கேட்டதைத் திரட்டித் தருவதற்கு மிகுந்த உழைப்பு வேண்டும் என்றோர் 80 விழுக்காட்டினர். தம் மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் கட்டுரை வெளியிடும் வாய்ப்பைக் காக்க மறுத்தோர் 64 விழுக்காட்டினர். தம் சொந்த வெளியீட்டு வாய்ப்பைக் காக்க மறுத்தோர் 53 விழுக்காட்டினர். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைச் சுட்டியுள்ளனர்.

இவ்வரிசையில் முதலில் நிற்பது பொறாமையன்று. எவரும் கணக்கில் கொள்ளாத உழைப்பு. அடுத்து நிற்பது தம்மை நம்பியிருப்போரைக் காக்கும் பொறுப்பு. தன்னலம் அதற்குப் பின்னரே வருகிறது. எனினும் நோக்கம் எதுவாயினும் இழப்பு ஒன்றே. தரவு கிடைக்காமையால் வெளியான ஆய்வு முடிவுகளை உறுதிப்படுத்த இயலவில்லை என 28 விழுக்காட்டினர் கூறினர். சரிபார்க்க இயலாத முடிவின்மேல் எழும் அடுத்த ஆய்வுக்கும் அடித்தளம் உறுதியற்றதாகிறது.

மறைப்பவருக்கு நேர்வது

மறைப்பவர் தம் அறிவைக் காத்துக்கொள்கிறார் என்பது பொதுவான எண்ணம். மத்தேய் செர்னே குழுவினர் நிறுவனப் பணியாளர்களிடமும் மாணவர்களிடமும் மேற்கொண்டு 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. மறைத்தவரை மற்றவர்கள் நம்ப மறுத்துத் தாமும் மறைத்தனர். அதனால் முதலில் மறைத்தவரின் படைப்பாற்றலே குன்றியது. ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் சூழலில் இக்கேடு வலுத்தது. கற்றலுக்கும் திறன் வளர்ச்சிக்கும் மதிப்பளிக்கும் சூழலில் தணிந்தது.

முடிவுரை

மறைப்பு அனைத்தும் குற்றமாகா. தகவல் தந்தோரின் அடையாளத்தைக் காத்தல் ஆய்வாளரின் கடமை. ஆனால், வெளியான ஆய்வின் தரவைக் கேட்டவருக்குத் தராமை வேறு வகையினது. பகிர்தலின் சிறப்பை அறிவுரையாகக் கூறுவதால் மட்டும் அது நீங்காது. தரவைத் தொகுத்து வழங்கும் உழைப்பைப் பதவி உயர்வு மதிப்பீட்டில் சேர்த்தல், மாணவரின் முதல் வெளியீட்டுக்கு வரையறுத்த காலப் பாதுகாப்பு அளித்தல், தரவை உருவாக்கியவர் பெயரைப் பயன்படுத்துவோர் தவறாது குறிப்பிடுதல் ஆகியன மேற்கண்ட மூன்று காரணங்களுக்கும் நேரான விடைகளாகும். கொடுப்பவர் இழக்கும் முறை நீடிக்கும்வரை, கரத்தலே அறிவுடைமையாகத் தோன்றும்.