நுவரெலியாவா, ஹப்புத்தளையா? மலைநாட்டில் கடை போடுமுன் ஒரு கணக்கு

மலைநாட்டில் ஒரு கடை போட்டால் என்ன என்ற எண்ணம் நமது வியாபாரிகள் பலருக்கும் வருவதுண்டு. ஏப்ரல் மாதத்தில் குடும்பத்தோடு நுவரெலியா போகிறவர்கள், சாப்பாட்டுக் கடைகளில் இடமில்லாமல் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பும்போதே முதல் திரட்டும் யோசனையோடு திரும்புகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் பெரிய சுற்றுலா நகரமா, சிறிய மலையூரா என்று தீர்மானிக்கும் முன் ஆறுதலாக உட்கார்ந்து போட வேண்டிய கணக்கொன்று இருக்கிறது.

சீசனை நம்பிய நகரம்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா, வெள்ளைக்காரர் குளிருக்காகத் தேடிப் போய் உருவாக்கிய ஊர். கிரகரி வாவி 1873ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. ஏப்ரலில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊரே நிரம்பிவிடும். ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளிலும், நமது பெருநாட்கள் முடிந்த கையோடும் வான்களில் குடும்பங்கள் வந்திறங்கும். ஹலால் சாப்பாட்டுக் கடைக்கும் தங்கும் அறைகளுக்கும் அப்போது நல்ல கிராக்கி. கம்பளி உடுப்பு விற்கும் 'பேல் பஸார்' பிழைப்பதும் இந்தக் கூட்டத்தால்தான்.

ஆனால் கட்டடச் சொந்தக்காரர் வாடகை பேசுவது ஏப்ரல் மாதத்தை மனதில் வைத்து. நாம் அதைக் கட்டுவதோ பன்னிரண்டு மாதமும். மழையும் மூடுபனியுமான ஜூன் மாதத்துக்கும் அதே வாடகைதான்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். வாடகை மாதம் 150,000 ரூபா. சம்பளம், மின்சாரம் 100,000 ரூபா. ஆண்டுச் செலவு 30 இலட்சம். நல்ல நான்கு மாதங்களில் மாதம் 6 இலட்சமும், மற்ற எட்டு மாதங்களில் மாதம் ஒன்றரை இலட்சமும் மொத்த இலாபம் வந்தால் ஆண்டுக்கு 36 இலட்சம். கையில் மிஞ்சுவது 6 இலட்சம். ஒரேயொரு ஏப்ரல் சாதாரண மாதமாகப் போய்விட்டால் மிஞ்சுவது ஒன்றரை இலட்சம். இரண்டு நல்ல மாதங்கள் கெட்டால் 3 இலட்சம் நட்டம்.

ஏப்ரல் கெடுமா என்று கேட்காதீர்கள். 2019 ஏப்ரல் 21இல் குண்டுகள் வெடித்தன. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. 2022இல் எரிபொருளுக்கு வாகனங்கள் வரிசையில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயல் மலைநாட்டுப் பாதைகளையும் புகையிரதப் பாதையையும் துண்டித்தது டிசம்பர் விடுமுறை நெருங்கிய வேளையில்.

சிறிய ஊரின் வியாபாரம்

ஹப்புத்தளை சுமார் 1,430 மீற்றர் உயரத்தில், மலை முகட்டில் அமைந்த சின்ன நகரம். லிப்டன் சீட், அதிஷாம் பங்களா பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். ஆனாலும் கடைத்தெருவை நடத்துவது அவர்களல்ல. சுற்றியுள்ள தோட்டத்து மக்களும், ஆசிரியர்களும், அலுவலகங்களுக்கு வருவோரும்தான். தோட்டச் சம்பள நாளையொட்டி ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு சீசன் வந்து போகும்.

இங்கே வாடகை 40,000 ரூபா, மற்றச் செலவு 80,000 ரூபா, மாத இலாபம் 180,000 ரூபா என்று வைத்தால் ஆண்டில் 7 இலட்சத்து 20,000 ரூபா மிஞ்சும். இவையெல்லாம் உதாரணத் தொகைகளே. உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

சிறிய ஊரிலும் சிக்கல் உண்டு. கடன் கொப்பி முதலாவது. சம்பளம் பிந்தினால் நமது காசும் பிந்தும். ஒரே சாமானுக்கு மூன்றாவது கடை வந்தால் மூவருக்கும் கஷ்டம். வியாபாரம் ஓர் அளவுக்கு மேல் வளராது.

எல்ல தரும் பாடம்

ஊர் சிறியது என்பதற்காக ஆபத்துக் குறைவு என்றும் நினைக்க வேண்டாம். எல்ல ஹப்புத்தளையைவிடச் சிறிய ஊராக இருந்ததுதான். 1921இல் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வெளிநாட்டவர் குவியத் தொடங்கியதும் வாடகையும் காணி விலையும் ஏறின. 2020இல் விமானங்கள் நின்றபோது அறைகள் பூட்டிக் கிடந்தன. ஆகவே ஊரின் அளவைப் பார்க்காமல், நமது கடை யாருடைய பணத்தில் ஓடப்போகிறது என்பதைப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

புடவை, பலசரக்கு, இரும்புச் சாமான் என்றால் ஹப்புத்தளை, பண்டாரவளை போன்ற ஊர்கள் பொருந்தும். சாப்பாட்டுக் கடை, தங்குமிடம் என்றால் நுவரெலியா பொருந்தும். ஆனால் வருமானமே இல்லாமல் ஆறு மாத வாடகை கட்டக்கூடிய பணம் தனியாக இருக்க வேண்டும். அது மனைவியின் நகையாகவோ வட்டிக் கடனாகவோ இருக்கக் கூடாது.

இடம் பார்க்க ஏப்ரலில் போகாதீர்கள். ஜூன் மாதத்தில், வார நாட்களில் மூன்று நாள் கடை வாசலில் நின்று போகிற வருகிறவர்களை எண்ணுங்கள். குத்தகை உறுதியை எழுத்தில் எடுங்கள். புதிதாகக் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பெற்ற பிறகே முற்பணம் கொடுங்கள். தங்குமிடமென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு, விற்பனையில் 1 வீத அறவீடு ஆகியவற்றையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதக் கணக்கில் நட்டமில்லாமல் நிற்கும் கடையென்றால் துணிந்து எடுங்கள். ஏப்ரல் இலாபம் அதற்கு மேலதிகமாக வரட்டும்.