எஃப் துளைக்குள் எட்டிப் பார்க்கலாமா?

கிப்சன் இஎஸ்-335 கிடார் எங்கேயாவது கண்ணில் பட்டால், முதலில் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதுகில் ஒரு ஸ்க்ரூ இல்லை, ஒரு மூடி இல்லை, வழவழவென்று வெறும் மரம்! அதே கம்பெனியின் லெஸ் பாலில் பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால் ஒயரெல்லாம் வெளியே தெரியும். இதில் அந்த வசதியே கிடையாது. அப்படியானால் நாலு கண்ட்ரோல், ஒரு சுவிட்ச், ஒரு ஜாக் எல்லாம் எந்த வழியாக உள்ளே போயின?

முகப்பில் இருக்கிறதே எஃப் வடிவத் துளை, அந்த ஒடுக்கமான சந்து வழியாகத்தான்!

1958இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ ஆலையில் பிறந்த கிடார் இது. இரு பக்கமும் பொள்ளல்; நடுவில் மட்டும் நீளவாக்கில் மேப்பிள் கட்டை. ஆம்ப்ளிஃபயர் சத்தத்தில் ஊளையிடாமல் இருக்க அந்தக் கட்டை, பொள்ளல் கிடாரின் குழைவுக்கு அந்த இரு பக்கம். வாசிப்பவருக்குக் கொண்டாட்டம், பழுது பார்ப்பவருக்கு வித்தை!

அந்த வித்தை இப்படி. கண்ட்ரோலின் நட்டைக் கழற்றும் முன்பே அதன் தண்டில் நூலைக் கட்டிவிடுவார்கள். பிறகு கண்ட்ரோலை உள்ளே தள்ளி, எஃப் துளை வழியாக மெல்ல வெளியே எடுப்பார்கள். வேலை முடிந்ததும் அதே வழியாக உள்ளே விட்டு, நூலை இழுத்தால் தண்டு தன் துளையில் டக்கென்று தலைகாட்டும். பார்க்கும்போது கைதட்டாமல் இருக்க முடியாது!

வெளியே வந்த கண்ட்ரோலின் முதுகைப் பாருங்கள், எண்கள் இருக்கும். 1345842 என்றால் 134 சென்ட்ராலாப் கம்பெனியின் குறி. மீதி, 1958ஆம் ஆண்டின் 42ஆவது வாரம். உள்ளே டார்ச் அடித்தால் ஆரஞ்சு லேபிளும் ஆலையின் மை முத்திரையும் தெரியும். முத்திரையில் டி (T) எழுத்து இருந்தால் 1958, எஸ் 1959, ஆர் 1960. பிறப்புச் சான்றிதழை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது!

இனி நிறம். செர்ரி சிவப்பு என்று விற்ற கிடார்களில் பல, வெயில் பட்டுப் பட்டு தர்பூசணி நிறத்துக்கு வெளுத்துவிட்டன. முகப்பிலுள்ள பிக்கார்டு தகட்டைக் கழற்றிப் பாருங்கள்: வெளிச்சமே படாத அந்த இடத்தில், ஆலையை விட்டு வந்த அன்றைய சிவப்பு! நிறம் கலப்பவருக்கு இதைவிட நல்ல சாம்பிள் ஏது?

அதன்மேல் பூசியிருப்பது நைட்ரோ லாக்கர். குளிரில் மயிரிழை வெடிப்பு விடும், வயதானால் மஞ்சளாகும். ஆனால் புதுப் பூச்சு பழசைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். பெயர்ந்த இடத்தில் சொட்டு வைத்து, நன்றாகக் காயவிட்டு, சமமாகத் தேய்த்தால் ஒட்டுப்போட்ட இடம் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். புற ஊதா விளக்கு மட்டும் ஏமாறாது. அதன் கீழே பழைய லாக்கர் பச்சையாய் ஒளிரும், புதுசு தனியாய்த் தெரியும்.

முழுசாக நிறம் அடிக்க நேர்ந்தால், எனக்குப் பிடித்த கட்டம் கடைசியில் வரும். ஓரத்துப் பட்டையும் சேர்ந்து சிவந்து கிடக்கும். பிளேடைச் சுற்றி டேப் ஒட்டி, பட்டையின் அகலத்துக்கு மட்டும் முனையைத் திறந்து விட்டு, சீவிக்கொண்டே போவார்கள். சிவப்புச் சுருள் உதிர உதிர, வெள்ளைக் கோடு கிடாரைச் சுற்றி ஓடி வரும்!

இதெல்லாம் வேறு வழியில்லாத கிடாருக்குத்தான். 1968இல் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் தன் எபிஃபோன் கசினோ கிடாரின் பூச்சைச் சுரண்டி வெறும் மரமாக்கினார். 1969 ஜனவரி 30 அன்று அந்தக் குழு நடத்திய மொட்டைமாடிக் கச்சேரியில் அவர் கையில் இருந்தது அதுதான். அது அழகுதான், ஆனால் பின்பற்றாதீர்கள். ஒரிஜினல் பூச்சு போனால் பழைய கிடாரின் விலை பாதி வரைகூட விழும். தவிர, 335இன் முகப்பு ஒட்டுப்பலகை. மேலடுக்கு மெல்லியது, தேய்த்தால் அடியிலுள்ள மரம் வந்துவிடும்.

எனவே பழைய 335 கைக்கு வந்தால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். டார்ச்சை எடுத்து, எஃப் துளைக்குள் முதலில் பாருங்கள்.