எழும்ப மறுக்கும் ஜெட் படகு: காரணமும் தீர்வும் உங்கள் உரிமையும்

நியூசிலாந்தின் தென் தீவில் வைமகரிரி, ரகாயா, ரங்கிடாடா போன்ற ஆறுகள் கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் ஓடுகின்றன. பல இடங்களில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். இந்த ஆறுகளில் ஏறிச் செல்லவே ஜெட் படகு பிறந்தது. மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையை நடத்திய பில் ஹாமில்டன், 1950களின் முற்பாதியில் அதற்கு உருக்கொடுத்தார். படகின் அடியிலுள்ள வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லரால் அழுத்தி, பின்புறக் குழாய் வழியாகப் பீய்ச்சியடிப்பதுதான் அதன் உத்தி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி கிடையாது. 1960இல் இந்த வகைப் படகுகள் கொலராடோ ஆற்றை எதிர்த்து கிராண்ட் கேன்யன் முழுவதையும் ஏறிக் காட்டின.

நியூசிலாந்தில் பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்ட உரிமம் தேவையில்லை. பணம் இருந்தால் இன்று வாங்கி நாளை ஆற்றில் இறக்கிவிடலாம். அங்கே குடியேறிய நம்மவர்கள் உட்பட, முதல் படகாகப் பழைய ஜெட் படகை வாங்குபவர்கள் உண்டு. இறக்கிப் பார்த்தால் இன்ஜின் அலறும், படகு நகர்ந்தும் நகராமலும் திணறும். "ஜெட் என்றாலே கிளம்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். நல்ல நிலையிலுள்ள ஜெட் படகு சில நொடிகளில் எழும்பிவிடும். எழும்பவில்லை என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முடியும். கடைக்காரரிடம் வாங்கிய படகு என்றால், சரிசெய்யும் செலவு உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை.

மெதுவாகப் போகும்போது எந்தப் படகும் தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் போகிறது. வேகம் கூடக் கூட முன்னால் ஓர் அலை எழும், பின்புறம் அமிழும், படகின் முன்முனையான அணியம் வானத்தைப் பார்க்கும். இதுதான் கடினமான கட்டம். இங்கே இழுவிசை ஒரேயடியாக ஏறும். அதைத் தாண்டிவிட்டால் படகு தண்ணீரின் மேல் ஏறி, தட்டையாகச் சறுக்கத் தொடங்கும். இதைத்தான் எழும்புவது என்கிறோம். இழுவிசை குறைந்து, த்ராட்டிலைச் சற்றுத் தளர்த்தினாலும் அதே வேகம் நிலைக்கும்.

எழும்பி ஓடும் சிறிய ஜெட் படகுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழம் போதும். அமிழ்ந்து திணறும் அதே படகுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே ஆற்றின் நடுவில் எழும்ப மறுக்கும் படகு கல்லில் தட்டும். அடிவாய் சரளைக்கல்லை உறிஞ்சும். நிமிர்ந்த அணியம் முன்னால் இருப்பதை மறைத்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஜெட் படகுக்குத் திசை கொடுப்பது பீய்ச்சியடிக்கும் நீர்தான். பயந்து த்ராட்டிலை விட்ட கணமே ஸ்டியரிங்கும் போய்விடும். கரையோ பாறையோ எதிரே வரும்போது புதியவர்கள் இயல்பாகச் செய்வது அதைத்தான். விபத்துக்கு இது ஒரு பெரிய வழி.

முதலில் ஓட்டும் முறையைச் சரிபாருங்கள். ஆழமான இடத்தில், நீரோட்டத்துக்கு எதிராக முகம் திருப்பி, பயணிகளை முன்பக்கம் உட்காரவைத்துக் கிளம்ப வேண்டும். நின்ற நிலையிலிருந்து த்ராட்டிலை ஒரே அழுத்தாக அழுத்தினால், அடிவாய்க்குள் போதிய நீர் வருமுன் இம்பெல்லர் வேகமெடுக்கும். இதழ்களின் மேல் ஆவிக்குமிழ்கள் உண்டாகிப் பிடிப்பு நழுவும். ஓரிரு நொடியில் சீராக ஏற்றுங்கள், ஆனால் தயங்கி நடுவில் நிறுத்தாதீர்கள். இப்படிச் செய்தும் எழும்பவில்லை என்றால், இன்ஜினின் சுழல்வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள்.

படகு நிற்கிறதா ஓடுகிறதா என்பதை ஜெட் பம்பு அதிகம் பொருட்படுத்துவதில்லை. முழு த்ராட்டிலில் முள் எங்கே நிற்கும் என்பதை இன்ஜினின் பலமும் பம்பின் அளவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த எண் ஒவ்வொரு படகுக்கும் ஏறக்குறைய நிலையானது. கையேட்டிலோ பழைய உரிமையாளரிடமோ கிடைக்கும்.

முள் வழக்கத்தைவிட மேலே ஏறுகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால், இன்ஜின் நன்றாக இருக்கிறது. பம்பு நீரைப் பிடிக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் அடிவாய்க் கம்பிவலையில் சிக்கிய பாசியோ குச்சியோ கயிறோதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். அதனால் முதலில் அங்கே பாருங்கள். அது சுத்தமாக இருந்தால், எங்கிருந்தாவது காற்று புகுகிறதா என்று பாருங்கள். பல ஜெட்டுகளில் உள்ளே கைவிட்டு அடைப்பை எடுக்க ஒரு மூடி உண்டு. அதன் ரப்பர் வளையம் சரியாகப் பதியாவிட்டால் காற்றை இழுக்கும். அதுவும் சரி என்றால், சரளைக்கல் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. இம்பெல்லர் இதழ்களின் விளிம்பு சிதைந்திருக்கும், அல்லது அதைச் சுற்றியுள்ள வியர் ரிங் என்ற வளையம் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அந்த இடைவெளியில் மில்லிமீட்டர் கணக்கான வித்தியாசமே உந்துதலைத் தின்றுவிடும். தயாரிப்பாளர் கையேடு சொல்லும் அளவோடு ஃபீலர் கேஜ் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

முள் வழக்கமான எண்ணைத் தொடவே இல்லை என்றால் கோளாறு இன்ஜின் பக்கம். பழைய பெட்ரோல், அடைத்த ஃபில்டர், தீப்பொறி தராத பிளக், முழுதாகத் திறக்காத த்ராட்டில் கேபிள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஆற்று மணல் குளிரூட்டும் குழாயை அடைத்து இன்ஜின் சூடாகி, புதிய இன்ஜின்கள் தாமாகவே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்வதும் உண்டு.

முள் சரியான இடத்தில் நிற்க, படகு மட்டும் கனக்கிறதா? அப்போது எடையைத் தேடுங்கள். அடித்தட்டில் 100 லிட்டர் தண்ணீர் தேங்கினால் 100 கிலோ கூடுதல் பாரம். வடிகால் அடைப்பானைப் போட மறந்திருக்கலாம். தரைக்கு அடியிலுள்ள நுரை நீர் குடித்திருக்கலாம். படகைப் பின்னோக்கிச் செலுத்த நீர்ப்பீச்சின் குறுக்கே இறக்கப்படும் 'வாளி' முழுதாகத் தூக்கப்படாமல் பாதி குறுக்கிட்டு நிற்பதும் அடிக்கடி கவனிக்கப்படாத காரணம்.

அடைப்பை எடுக்கும்போது உயிரோடு விளையாடாதீர்கள். பல ஜெட் படகுகளில் உண்மையான நியூட்ரல் கிடையாது. வாளி பாதி இறங்கி நீரை இரு பக்கமும் பிரிப்பதால் படகு நிற்கிறது. இம்பெல்லர் சுழன்றுகொண்டேதான் இருக்கிறது, அடிவாய் உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கிறது. நீண்ட கூந்தல், தளர்ந்த கயிறு, லைஃப் ஜாக்கெட்டின் பட்டை எதுவும் உள்ளே போகும். இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொண்ட பிறகே கை வையுங்கள். பின்புறக் குழாய்க்கு அருகே யாரும் நீந்தக் கூடாது; அந்த நீரழுத்தம் உடலின் உள்ளுறுப்புகளைக் கிழிக்கும். மூடிய இன்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கலாம் என்பதால், மீண்டும் இயக்குமுன் காற்றோட்ட விசிறியைச் சில நிமிடம் ஓடவிடுங்கள்.

கம்பிவலையில் எடுத்த பாசியை அடுத்த ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். டிடிமோ என்ற பாசி 2004இல் தென் தீவின் வையாவ் ஆற்றில் கண்டறியப்பட்டு, பின்னர் அங்குள்ள பல ஆறுகளுக்குப் பரவியது. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் படகைச் சோதித்து, கழுவி, உலர்த்த வேண்டும். தெரிந்தே பரப்புவது குற்றம்.

எழும்புகிறதா என்று எங்கே சோதிப்பது என்பதிலும் சட்டம் குறுக்கிடுகிறது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், நீந்துபவரிடமிருந்தோ வேறு படகிலிருந்தோ 50 மீட்டருக்குள்ளும் 5 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது நாடு தழுவிய விதி. அது மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எந்த ஜெட் படகும் எழும்பாது. சில ஆறுகளிலும் ஒதுக்கப்பட்ட பகுதிகளிலும் விலக்கு உண்டு. வட்டார மன்றத்தின் துறைமுக அதிகாரியிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். 10 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடிய படகை 15 வயதுக்குட்பட்டவர் தனியாக ஓட்டக் கூடாது. ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மலையிடுக்குகளில் கைப்பேசி எடுக்காது. பதிவு செய்த அவசர அழைப்புக் கருவி ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

இனி பணத்தின் கதை. தொழிலாக விற்பவரிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய படகு, பழையதே ஆனாலும், 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டத்துக்குள் வரும். வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தில் அது இருந்தாக வேண்டும். 2014 ஜூன் முதல், தொழில் விற்பனையாளர் இணைய ஏலத்தில் விற்றாலும் இதே பாதுகாப்பு. தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்துவிட்டது என்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது. சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் விற்றவருக்கு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறிடத்தில் சரிசெய்து செலவைக் கேட்கலாம், அல்லது படகைத் திருப்பித் தரலாம். பெரிய கோளாறு என்றால் நேரடியாகவே திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமை உண்டு. பழுது பார்ப்பவரும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்தாக வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

இங்கேதான் ஆர்பிஎம் முள் சாட்சியாகிறது. எத்தனை பேர் ஏறியிருந்தார்கள், எவ்வளவு பெட்ரோல் இருந்தது, முழு த்ராட்டிலில் முள் எங்கே நின்றது, எழும்ப எத்தனை நொடி ஆனது என்று தேதியோடு எழுதி, கைப்பேசியில் வீடியோவும் எடுத்து வையுங்கள். "படகு சரியில்லை" என்ற புகாரை யாரும் தட்டிக்கழிக்கலாம். எண்ணோடு வரும் புகாரைத் தட்டுவது கடினம். விற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்குமுன் பம்பைக் கழற்றிப் பிரிக்காதீர்கள். பேச்சில் தீராவிட்டால் தகராறு தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை, கட்டணமும் குறைவு.

தனிநபரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. அவர் பொய்யான தகவல் சொல்லி விற்றார் என்று நிறுவ முடிந்தால் 2017ஆம் ஆண்டின் ஒப்பந்த, வணிகச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்கலாம். படகின் மேல் கடன் நிலுவை இருந்தால் கடன் கொடுத்தவர் உங்களிடமிருந்தே அதைப் பறித்துச் செல்லக்கூடும். அசையும் சொத்துகளின் மீதான கடன்களைக் காட்டும் அரசுப் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஆகவே, தண்ணீரில் இறக்கி, உங்கள் குடும்பம் ஏறும் எடையோடு ஓட்டி, முழு த்ராட்டிலில் முள் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் எந்த ஜெட் படகுக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஓட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்தப் படகு உங்களுக்கு வேண்டாம்.