அயலான் யார்?



பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்டால் கொடுக்கிறோம். கறிவேப்பிலை கேட்டால் ஒடித்துத் தருகிறோம். இதுவும் அன்புதான். ஆனால் கிறிஸ்தவ விசுவாசம் சொல்கிற அன்பு இதோட முடிஞ்சு போறதில்ல. ஏன் என்று பார்ப்போம்.

லூக்கா சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில், நியாயசாஸ்திரி ஒருவர் தன் அயலான் யார் என்று இயேசுவிடம் கேட்கிறார். இயேசு பதிலாக ஒரு கதை சொல்கிறார். எருசலேமில் இருந்து எரிகோவுக்குப் போகிற பாதை சுமார் 1000 மீட்டர் கீழே இறங்கும் மலைப்பாதை. அங்கே திருடர்கள் ஒருவனை அடித்துக் குற்றுயிராய்ப் போட்டுவிட்டார்கள். ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போனான். லேவியனும் அப்படியே போனான். மூன்றாவதாக வந்த சமாரியன் காயம் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். இரண்டு வெள்ளிக்காசும் கொடுத்தான். அந்தக் காலத்தில் அது இரண்டு நாள் கூலி!

இதில் என்ன விசேஷம்? யூதர்களும் சமாரியர்களும் ஒருவரோடு ஒருவர் புழங்க மாட்டார்கள். மூவரில் யார் அயலானாய் நடந்தான் என்று இயேசு கேட்டபோது, நியாயசாஸ்திரி வாயில் 'சமாரியன்' என்ற பேரே வரல. இரக்கம் காட்டினவன் என்று மட்டும் சொன்னார். இயேசு கேள்வியையே திருப்பிப் போட்டுவிட்டார். எனக்கு அயலான் யார் என்று ஆள் பார்ப்பதை விட்டு, நான் யாருக்கு அயலானாய் இருக்கிறேன் என்றுதான் கேட்க வேண்டும்.

இதை நம்ம பக்கத்திலேயே செய்து காட்டியவர்கள் உண்டு. எமி கார்மைக்கேல் அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர். 1895-ல் இந்தியா வந்தார். பொட்டுக்கட்ட இருந்த ஒரு சிறுமி 1901-ல் தப்பி அவரிடம் வந்தாள். அதில் இருந்து வளர்ந்ததுதான் டோனாவூர் ஐக்கியம். சேலை கட்டி, பிள்ளைகளுக்கு அம்மாவாகவே இருந்த அவர், 1951-ல் சாகும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியையும் நாம் அறிவோம்.

அதே டோனாவூர் பக்கம்தான் நாங்குநேரியும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியது கூடப் படித்த பையன்கள். காரணம் சாதி. அதன்பின் அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

கயிற்றை அறுத்தால் போதுமா? மனசுல இருக்கிற கயிற்றை யாரு அறுக்கிறது? அந்த வேலை நம்முடையது. மதிய சாப்பாட்டில் தனியாய் உட்காருகிறவனைக் கூப்பிடுவோம். காய்ச்சலில் லீவு போட்டவனுக்கு நோட்டு எழுதிக் கொடுப்போம். நம்ம தெரு ஆள் ஒருத்தரைக் கேலி செய்தால், "வேண்டாம்ல" என்று முதலில் நாம் சொல்வோம்.

கோயிலோ, பள்ளிவாசலோ, சர்ச்சோ, எங்கே போகிறவர்களாய் இருந்தாலும், விழுந்து கிடக்கிறவனைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல் நிற்பவரே அயலான். நண்பர்களே, நாம் நிற்போமா?