கண்ணின் குருதியோட்டம்: காண்டலும் அளத்தலும்

தோற்றத்தைக் காண்பதற்கும் அதன் உள்ளியக்கத்தை அறிவதற்கும் உள்ள வேறுபாடு சமூக ஆய்வுக்கு மட்டும் உரியதன்று. கண்ணின் குருதியோட்டத்தை அளக்க முயன்ற வரலாறும் அதனையே உணர்த்துகின்றது. இலக்கிய ஆய்வாளராகிய நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு அதுவே காரணம்.

விழித்திரையின் குருதிக் குழாய்களை உடலை அறுக்காமலே நேரிற் காணலாம். 1851இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் வெளிப்படுத்திய கண்நோக்குக் கருவி இதனை இயல்வதாக்கிற்று. எனினும் அது குழாயைக் காட்டிற்றேயன்றி, அதனூடு எவ்வளவு குருதி ஓடுகின்றது என்பதைக் கூறவில்லை.

இந்தியானாப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான நொவொற்னியும் அல்விசும் புளோரசீன் என்னும் சாயத்தைக் கை நாளத்திற் செலுத்தி, நீல ஒளியில் அது ஒளிர்ந்து விழித்திரைக் குழாய்களை நிரப்புவதைப் படம்பிடித்தனர். அவர்தம் கட்டுரையைக் கண் மருத்துவ இதழொன்று ஏற்கவில்லை. குருதிச் சுற்றோட்ட ஆய்விதழொன்றே 1961இல் வெளியிட்டது. துறை எல்லைகளைக் காப்போர் புதியதைக் காணத் தவறுவதற்கு இதுவும் ஒரு சான்றாகும். இம்முறை அடைப்பையும் கசிவையும் காட்டும். ஓட்டத்தின் அளவைத் தராது.

அளவு வேண்டின், குருதியின் வேகத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பாற் பெருக்குதல் வேண்டும். அசையும் பொருளிற் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாறும் என்பது டொப்ளர் விளைவு. 1972இல் றீவா, றொஸ், பெனடெக் ஆகியோர் அதனைக்கொண்டு முயலின் விழித்திரைக் குருதி வேகத்தை இலேசர் ஒளியால் அளந்தனர். வேகம் கிடைத்தபின்னும் இடர் தீரவில்லை. குழாயின் விட்டத்தை 10 வீதம் கூட்டி அளந்தால் பரப்பு 21 வீதம் கூடிவிடும்.

2010களில் மருத்துவமனைகளை எட்டிய ஓ.சி.ரி. குழாய்ப்பட முறைக்குச் சாயம் வேண்டியதில்லை. ஒரே இடத்தை ஒளியால் மீளமீள வருடி, படங்களுக்கிடையே மாறுவதைக் குருதியின் அசைவெனக் கொள்கின்றது அது. அங்கும் முதன்மையாகக் கிடைப்பது அசைவு உண்டென்னும் செய்தியே. மேலும், கண்ணுக்கு வரும் குருதியிற் பெரும்பகுதி விழித்திரைக்குப் பின்னுள்ள தோலுருப் படைக்கே செல்கின்றது. ஆதலின் விழித்திரையின் அளவைக் கண் முழுமைக்கும் பொருத்துதல் தவறாகும்.

நீரிழிவு நோயாளர் பார்வைக் குறைவை உணருமுன்னரே விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடத் தொடங்கலாம். எனவே இவ்வளவீடு ஆய்வுகூட ஆர்வம் மட்டுமன்று; உழைக்கும் மக்களின் பார்வை பற்றிய வினாவுமாகும். விலைமிக்க கருவி எவர் கண்ணை, எந்த நிலையில் நோக்குகின்றது என்பதை மருத்துவ விஞ்ஞானத்துக்குப் புறம்பானதென நாம் கருதவில்லை. காலந் தாழ்த்தி வருபவர் இழந்த பார்வையை எத்துணை நுட்பமான அளவீடும் மீட்டுத் தராது.