தாய்மாமன் மடியும் வருமான வரியும்

டெபுடேஷனில் கடலூருக்கு வந்தவர்களிலேயே பெரிய ஆசாமி ராபர்ட் கிளைவ். தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைக்கு 1756-ல் துணை கவர்னர். இந்தியாவில் கொள்ளையாய்ச் சம்பாதித்தார். வருமான வரி? மூச்! அந்தச் சங்கதி இங்கிலாந்துக்கே 1799-ல்தான் வந்தது, இந்தியாவுக்கு 1860-ல். மனுஷர் 1774-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கொடுத்து வைத்தவர்!

என் அத்தை பையன் அவ்வளவு கொடுத்து வைத்தவன் இல்லை.

சிதம்பரத்துக்காரன். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. 2023-ல் அவனை எட்டு மாசத்துக்கு ஜெர்மனி அனுப்பினார்கள். செப்டம்பர் 25-ம் தேதி டிக்கெட். குறுக்கே வந்தது அக்கா குழந்தையின் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? மேனேஜரைக் கெஞ்சிப் பத்து நாள் தள்ளிப் போட்டான். காதுகுத்து, பந்தியில் சம்பா சாதம், கொத்சு எல்லாம் ஆன பிறகு அக்டோபர் 5-ல் விமானம் ஏறினான்.

2024 ஜூனில் திரும்பி வந்தான். நவம்பரில் வருமான வரித் துறையிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. வெளிநாட்டில் உங்களுக்குக் கணக்கு இருப்பதாகத் தகவல். ரிட்டர்னைச் சரி பாருங்கள், திருத்துவதானால் டிசம்பர் 31-க்குள் திருத்துங்கள் என்று.

கடலூரில் இருந்த எனக்கு மாமாவிடமிருந்து போன். "மாப்ளே, நீ பி.காம். படிச்சவன். நிஜத்தைச் சொல்லு, இவனை உள்ளே தள்ளிடுவாங்களா?" குரல் நடுங்கியது. பஸ் பிடித்தேன்.

பையன் தெம்பாகத்தான் இருந்தான். "ஜெர்மனியிலதான் மாசாமாசம் வரி புடிச்சுட்டாங்களே மச்சான்! இங்க எதுக்குக் காட்டணும்?"

உங்களில் பலரும் இப்படித்தான் நினைத்துக் கொண்டிருப்பீர்கள். நான் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி எண்ணச் சொன்னேன். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 5 வரை 188 நாள்.

விஷயம் இதுதான். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், வரிக் கணக்குக்கு நீங்கள் இந்தியவாசி. உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்டியாக வேண்டும். வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகன், செப்டம்பர் 28-க்குள் ஏறி மார்ச் வரை திரும்பாமல் இருந்தால் இந்தியவாசி இல்லை. 1961-ம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் என்று புதுச் சட்டம் வந்தாலும், இந்த 182 மாறவில்லை.

பழைய டிக்கெட்டில் போயிருந்தால் 178 நாள். அந்தப் பத்து நாள்தான் ஆளை மாற்றிவிட்டது!

"அப்ப ரெண்டு இடத்துலயும் கட்டணுமா?" - பையனின் தெம்பு இறங்கியது.

வேண்டாம். ஜெர்மனியோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே கட்டியதை இங்கே கட்ட வேண்டியதில் வரவு வைத்துக் கொள்ளலாம். ஆனால் தானாக வராது. ரிட்டர்னில் சம்பளத்தைக் காட்டி, அதற்கென்று உள்ள படிவத்தோடு வரி பிடித்த அத்தாட்சியும் தர வேண்டும். இதிலும் ஒரு வில்லங்கம்: அவர்களுக்கு வருஷம் ஜனவரி முதல் டிசம்பர், நமக்கு ஏப்ரல் முதல் மார்ச். அதனால் மாசாமாசம் வந்த சம்பளச் சீட்டு ஒவ்வொன்றும் முக்கியம்.

வெளிநாட்டு வங்கிக் கணக்கையும் தனியாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-ம் வருஷக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து 20 லட்சத்துக்குள் என்றால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் கிடையாது. ஆனால் காட்ட வேண்டிய கடமை போகவில்லை.

மாமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து, ஆடிட்டரிடம் போய், டிசம்பருக்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டான். ஜெர்மனியில் பிடித்ததே அதிகமாக இருந்ததால், அந்தச் சம்பளத்துக்காக இங்கே கைக்காசு போகவில்லை. தூக்கம்தான் போயிற்று.

போன மாசம் மறுபடி ஜெர்மனி என்றார்கள். அத்தை பஞ்சாங்கத்தைப் பிரித்தாள். "நல்ல நாள் பார்த்துக் கிளம்புடா."

பையன் காலண்டரைக் கழற்றினான். "இரும்மா, முதல்ல நான் எண்ணிக்கிறேன்!"